மின்னும் போர்டில் எவ்வளவு தங்கம்?

டில்லியில் சீலாம்பூர் என்ற பகுதி உள்ளது. பழைய கம்ப்யூட்டர், டி.வி., செல்போன் ஆகியவற்றைப் பிரிக்கும் தொழில் அங்கே நடக்கிறது. ஆண்களும் பெண்களும் அந்த வேலை செய்து பிழைக்கிறார்கள்.

அங்கே ஒரு சிறு வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் ஒருவர் மூட்டை நிறைய போர்டு கொண்டுவருகிறார். "எல்லாம் தங்கச் சரக்கு" என்கிறார். அதிக விலை கேட்கிறார். போர்டின் ஓரம் மஞ்சளாக மின்னுகிறது. வியாபாரி கடன் வாங்கி அதை வாங்கலாமா?

போர்டில் தங்கம் இருப்பது உண்மைதான். தங்கம் துருப்பிடிக்காது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் கார்டின் ஓரத்தில் உள்ள பட்டைகளுக்குத் தங்க முலாம் பூசுகிறார்கள். ஆனால் அது மேற்பூச்சு மட்டுமே. உள்ளே இருப்பது செம்பு.

கணக்குப் போடுவோம்

முலாமின் கனத்தை மைக்ரான் என்ற அளவால் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காக்கினால், ஒரு பங்கு ஒரு மைக்ரான். பல போர்டுகளில் முலாம் ஒரு மைக்ரான்கூட இருக்காது.

அரை மைக்ரான் என்று கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் சுமார் 1 மில்லிகிராம் தங்கம் இருக்கும். ஒரு கார்டில் இப்படி 5 சதுர சென்டிமீட்டர் முலாம் இருந்தால், 5 மில்லிகிராம் கிடைக்கும். ஒரு கிராம் சேர 200 கார்டு வேண்டும்! பிரித்தெடுக்கும் செலவு வேறு. சேதாரமும் உண்டு.

ஆகவே போர்டின் எடையைப் பார்த்து மட்டும் தங்கத்தை மதிப்பிடக் கூடாது. முலாம் பூசிய பரப்பு எவ்வளவு? பூச்சின் கனம் எவ்வளவு? இவை இரண்டும்தான் முக்கியம். ஓரப் பட்டையை வெட்டி விற்பவர்கள் உண்டு. பட்டையோடு போர்டும் அகலமாக ஒட்டியிருந்தால், வாங்குபவர் போர்டுக்கும் தங்க விலை கொடுக்கிறார்.

நிறமும் காந்தமும்

பித்தளையும் மஞ்சள்தான். ஆணியால் கீறினால், உள்ளேயும் மஞ்சளாகவே இருந்தால் அது பெரும்பாலும் பித்தளை. உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ தெரிந்தால், மேலே ஏதோ முலாம் இருக்கிறது. அது தங்கம்தானா, எவ்வளவு என்பதைக் கீறல் சொல்லாது.

காந்தம் இழுத்தால் தங்கமே இல்லை என்று சிலர் ஒதுக்குவார்கள். அதுவும் தவறு. காந்தம் இழுக்கும் உலோகத்தின் மேலும் தங்கம் பூசுவது உண்டு. சில பழைய சில்லுகளின் கால்கள் அப்படிப்பட்டவை. மொத்தச் சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக் கூடத்தில் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும்.

திராவகம் வேண்டாம்

சிலர் வீட்டிலேயே திராவகத்தில் போட்டுத் தங்கம் எடுக்கிறார்கள். நைட்ரிக் அமிலத்திலிருந்து செம்பழுப்புப் புகை வரும். அது நுரையீரலைக் கெடுக்கும். சில சமயம் பல மணி நேரம் கழித்தே மூச்சுத் திணறும். சிலர் சயனைடு பயன்படுத்துகிறார்கள். அதில் அமிலம் பட்டால் உயிரைக் கொல்லும் வாயு உண்டாகும். பழைய போர்டைச் சூடாக்கினாலும் எரித்தாலும் காரீயம் வெளிவரும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். மிச்சத் திராவகத்தை ஊற்றினால் மண்ணும் நீரும் கெடும்.

மின்னணுக் கழிவு பற்றிய புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. இதன்படி மறுசுழற்சி செய்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும்.

அந்த வியாபாரி என்ன செய்யலாம்? மூட்டையைக் கொட்டி, தரம் பிரித்துப் பார்த்த பிறகே விலை பேசலாம். ஓரப் பட்டை உள்ள கார்டு, சில்லு, செம்புக் கம்பி, அலுமினியம் என்று தனித்தனியே எடை போடலாம். பதிவு பெற்ற இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு விற்கலாம். செம்பும் அலுமினியமும்கூடக் காசுதான். கடன் வாங்குமுன் கணக்குப் போட்டால் கைப்பொருள் மிஞ்சும். திராவகத்தைத் தொடாவிட்டால் உடம்பும் மிஞ்சும்.

சிந்திப்போம்

1. முலாம் கால் மைக்ரான் என்றால், ஒரு கிராம் தங்கத்துக்கு எத்தனை கார்டு வேண்டும்?
2. பழைய போர்டை வீட்டில் ஏன் எரிக்கக் கூடாது?