காற்று மலையில் கூட்டுச் சவாரி

தென் பிரான்சிலுள்ள மொன் வொந்தூ மலையை அறிவீர்களா வாசகர்களே? உயரம் ஏறத்தாழ 1,910 மீற்றர். பெதுவான் கிராமத்திலிருந்து உச்சிக்கு 21 கிலோமீற்றர். கூட்டங் கூட்டமாகத் துவிச்சக்கர வண்டிகளில் ஏறுகிறார்கள்.

கீழே காடு, மரங்கள் காற்றை மறைக்கும். ஷலே ரெய்னார் என்ற இடத்தைத் தாண்டினால் கடைசி 6 கிலோமீற்றரும் வெறும் வெள்ளைக் கல். அங்கேதான் மிஸ்திரால் எனும் வடகாற்றின் ஆட்சி.

ஏற்றத்தில் மெதுவாகப் போகையில் கூட்டத்தால் பயனில்லை என்பார்கள். பாதி உண்மைதான். எதிர்க்காற்று வீசினாலோ கதையே வேறு. முன்னவர் காற்றைப் பிளக்க, பின்னவர் மறைவில் வருவார். அவர் களைத்தால் இவர் முன்னே போவார். ஆனால் காற்றைப் பங்கிடலாம், உடற்களைப்பைப் பங்கிட முடியாதே!

1967 ஜூலை 13 இல், கடும் வெயிலில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் பிரித்தானிய வீரர் டொம் சிம்ப்சன் உச்சியை நெருங்கும்போது விழுந்தார். ஊக்க மருந்தும் உட்கொண்டிருந்தார். உடனிருந்தோர் மீண்டும் வண்டியில் ஏற்றிவிட்டனர். சிறிது தூரத்தில் மறுபடி விழுந்தார், உயிர் பிரிந்தது. அந்த வேளையில் அவருக்குத் தேவைப்பட்டது தள்ளிவிடும் கையா, தடுத்து நிறுத்தும் கையா?

2016 இல் அதே பந்தயம் அங்கு வந்தபோது கடுங்காற்று. ஏற்பாட்டாளர்கள் முடிவிடத்தையே ஷலே ரெய்னாருக்கு இறக்கினார்கள். அன்று உச்சிக்கு எவரும் போட்டியிடவில்லை.