வேனை கேரவனாக மாற்றி விற்றால் சட்டப் பொறுப்பு யாருக்கு?

புதுதில்லி: சரக்கு வேன் அல்லது பயணிகள் வேனில் படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, மின்கலம் ஆகியவற்றைப் பொருத்தி, அதை கேரவனாக மாற்றுவது பட்டறை வேலையோடு முடிந்துவிடுவதில்லை. மாற்றப்பட்ட வாகனம் பதிவுச் சான்றிதழுடன் (ஆர்.சி.) பொருந்தவில்லை எனில், மாற்றியவர், விற்றவர், வாங்கியவர் என அனைவரும் சிக்கலுக்கு உள்ளாக நேரிடும்.

சட்டம் கூறுவது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது. வாகனத்தின் வகை, இருக்கை எண்ணிக்கை, எடை ஆகியவை பதிவுச் சான்றிதழில் இடம்பெறுகின்றன. கேரவனாக மாற்றும்போது பெரும்பாலும் இவை அனைத்துமே மாறிவிடுகின்றன. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இந்தத் தடையை உறுதி செய்தது.

கேரவன் வாகனங்களுக்கென ஏஐஎஸ்-124 என்ற தனித் தர விதி உள்ளது. புணேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கின்றன.

தண்டனை என்ன?

2019 திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, கட்டுமான விதிகளுக்கு முரணான வாகனத்தை விற்கும் அல்லது அவ்வாறு மாற்றியமைக்கும் உற்பத்தியாளர், விற்பனையாளருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது வாகனம் ஒன்றுக்கு ரூ.1 லட்சம் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

விபத்து நேரிட்டால்?

எரிவாயுக் கசிவு, மின்கசிவு, இருக்கை பெயர்தல் போன்றவற்றால் பாதிப்பு ஏற்பட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் இழப்பீடு கோரலாம். வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ குறைபாடு இருந்தாலும், போதிய எச்சரிக்கை தரப்படாவிட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பாவார். பொருளில் தாமே மாற்றம் செய்து, அதுவே பாதிப்புக்கு முக்கியக் காரணமாக அமைந்தால், விற்பனையாளரும் பொறுப்பாவார். எனவே, வேனைத் தயாரித்தது வேறு நிறுவனம் எனக் கூறி பட்டறை தப்பிக்க இயலாது. பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.

மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிக்காவிட்டால், சேத இழப்பீடு மறுக்கப்படும் அபாயமும் உள்ளது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பணம் செலுத்தும் முன், பதிவுச் சான்றிதழில் வாகன வகையும் இருக்கை எண்ணிக்கையும் இப்போதைய நிலைக்கு ஏற்பத் திருத்தப்பட்டுள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும். சோதனைச் சான்று, காப்பீட்டு ஆவணம், மின் மற்றும் எரிவாயு இணைப்புகளுக்கான எழுத்துபூர்வ உத்தரவாதம் ஆகியவற்றையும் கேட்டுப் பெற வேண்டும். 'பிறகு ஆர்டிஓ அலுவலகத்தில் மாற்றிக்கொள்ளலாம்' என்ற வாய்மொழி உறுதியை நம்பி வாங்கினால், வாகனம் பெயர் மாறியபின் அதற்கான சுமை வாங்கியவரையே சேரும்.