பெட்டகத்துள் ஒரு பகைவன்

மாரி வருமுன் கூரையைப் பார்க்கிறோம்; வேலியைப் பார்க்கிறோம். அலுமாரியின் அடித்தட்டிலே கிடக்கும் தகரப்பெட்டியைத் திறந்து பார்ப்போர் எத்தனை பேர்? காணி உறுதியும், பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும், மூத்தோரின் புகைப்படங்களும் அதனுள்ளேதான் உறங்குகின்றன.

கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள சம்பூரில் இப்பெட்டியின் அருமையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டில் போரினால் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்கள், 2015ஆம் ஆண்டு முதலே படிப்படியாகத் தம் நிலத்துக்கு மீண்டனர். வீடும் வேலியும் அழிந்தபின், 'இது எங்கள் காணி' என்று சாட்சி சொல்ல மிஞ்சுவது ஒரு காகிதமே. போருக்குத் தப்பிய காகிதத்தைப் பூச்சிக்கு இரையாக்கலாமோ?

அப்பூச்சியே இராமபாணம், வெள்ளிமீன் என்றும் அழைப்பர். அரை அங்குல நீளம், சிறகற்ற உடல், வெள்ளி நிறச் செதிள், வாலில் மூன்று இழைகள். வெளிச்சம் பட்டதும் மீன்போல் நெளிந்து மறையும். இங்கிலாந்து அறிஞர் இராபர்ட் ஹூக், 1665ஆம் ஆண்டிலேயே உருப்பெருக்கிக் கண்ணாடியால் இதனை ஆராய்ந்து, நூல்களை அரிக்கும் பூச்சியென்று படத்துடன் எழுதிவைத்தார்.

இது மனிதரைக் கடிப்பதில்லை. மாப்பசை, காகிதம், கஞ்சியிட்ட பருத்தித் துணி ஆகியனவே இதன் உணவு. பல மாதங்கள் பட்டினி கிடந்தும் உயிர் பிழைக்கும், ஈரமின்றியோ தழைக்காது. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75க்கு மேற்படின் நன்கு பெருகும். ஆதலின் ஈரத்தை ஒழிப்பதே முதல் மருந்து.

கீழ்க்கரையில் வாடைமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். அதற்கு முன், உலர்ந்த கச்சான் காற்று வீசும் நாட்களிலே பெட்டியைத் திறவுங்கள். பத்திரங்களை நிழலிலே விரித்துக் காற்றாட விடுங்கள். கடும் வெயிலில் மை மங்கும். பெட்டியைத் துடைத்து நன்கு உலர்த்துங்கள். ஈரக் காகிதத்தைப் பொலித்தீன் உறையில் அடைக்காதீர்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நனைந்த மட்டைப் பெட்டிகளை அகற்றுங்கள். கூரை ஒழுக்கையும் சுவர் வெடிப்பையும் அடையுங்கள்.

பூச்சி உண்டோ என அறிய எளிய வழியொன்று உண்டு. கண்ணாடிப் போத்தலின் வெளிப்புறத்தில் காகிதம் சுற்றி, உள்ளே ஒரு பாண் துண்டை இட்டு இரவில் வையுங்கள். காகிதத்தைப் பற்றி ஏறி உள்ளே விழும் பூச்சி, வழுக்கும் கண்ணாடியில் மீண்டும் ஏறமாட்டாது. அந்துருண்டை இடுவோர் குழந்தைகளின் கைக்கு எட்டாது வைத்தல் வேண்டும்.

இன்னொன்று: உறுதியைப் படம்பிடித்து, பிரதியொன்றை வேற்றூரிலுள்ள உறவினரிடம் ஒப்படையுங்கள். தாத்தாவின் கையொப்பம் பேரனின் கைக்குச் சேர, ஆண்டுக்கு ஒருநாள் உழைப்பு அதிகமன்று.