வடபுலப் புராணங்களுக்கு ஓர் ஆற்றுப்படை

ஆற்றுப்படை தமிழ் கண்ட தனிச்சிறப்பான இலக்கிய வகை. பரிசில் பெற்று மீளும் ஒருவன், பெறாத ஒருவனை வழியிடை எதிர்ப்பட்டு, செல்லும் நெறி இது, அஞ்ச வேண்டுவன இவை, உண்பதற்குக் கிடைப்பது இன்னது, காணப்போகும் வள்ளல் இத்தகையவன் என எடுத்துரைப்பது அதன் இயல்பு. பத்துப்பாட்டில் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம் இவ்வகையினது. பெருங்கௌசிகனார் பாடிய அதன் 583 அடிகளும் கூத்தர் கூட்டம் ஒன்றைச் செங்கண்மாத்து நன்னனிடம் ஆற்றுப்படுத்துகின்றன. அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். நம் ஜவ்வாது மலையின் தென்னடிவாரத்து ஊர்.

இப்பாட்டை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், கடைசி வரிசை மாணவர் ஒருவர் மேசைக்கடியில் வேறொரு நூலில் மூழ்கியிருக்கக் கண்டேன். வாங்கிப் பார்த்தேன். அமெரிக்க எழுத்தாளர் ரிக் ரியோர்டன் 2016-இல் வெளியிட்ட 'ஹோட்டல் வல்ஹல்லா' என்னும் நகைச்சுவைக் கையேடு அது. தம் 'மேக்னஸ் சேஸ்' மாயப் புதினங்களுக்குத் துணையாக அவர் எழுதியது. நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய வடபுல நாட்டாரின் பழம்புராணங்களை, விடுதிக்குப் புதிதாக வந்தவர்க்குத் தரும் விளக்க ஏடு போல அந்நூல் அறிமுகம் செய்கின்றது. கடிந்துகொள்ள வாயெடுத்த நான் அடங்கிவிட்டேன். அதுவும் ஓர் ஆற்றுப்படையே அன்றோ!

ஆனால் செய்தி அறிந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இறைவன் ஒருவனே என்று ஓதி வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்குப் பேராசிரியரே?" நேரிய கேள்வி. அதற்கு விடை கூறுமுன், அவ்வுலகைச் சற்றுச் சுற்றிப் பார்த்து வருவோம்.

வழியும் வாயிலும்

வடபுலத்தார் கற்பனையில் உலகங்கள் ஒன்பது. அவற்றைத் தாங்கி நிற்பது இக்டிராசில் என்னும் பெருமரம். மண்ணுலகிலிருந்து தேவர் நகர் செல்லப் பாலம் ஒன்று உண்டு. அது வேறன்று, வானவில்லே. அதன் காவலன் ஹெய்ம்டால். பறவையினும் குறைவாகத் துயில்பவன். புல் வளரும் ஓசையும், ஆட்டின்மேல் மயிர் வளரும் ஓசையும் அவன் செவிக்குக் கேட்குமாம். தேர்வறைக் கண்காணிப்பாளராக அமர்த்துதற்கு இவனினும் தக்கார் எவருமிலர்!

தேவர் தலைவன் ஓடின். அறிவு வேண்டித் தன் ஒரு கண்ணையே விலையாகக் கொடுத்தவன். கட்டணம் செலுத்தியும் நூலகப் பக்கம் எட்டிப் பாராதவர் இவனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அவன் மகன் தோர், இடியின் தலைவன். சம்மட்டி ஏந்தி அரக்கரை அழிப்பவன். ஆங்கிலக் கிழமைப் பெயர்களில் புதன் ஓடினுடையது; வியாழன் தோருடையது. ஆகவே நம் வகுப்புக் கால அட்டவணையிலும் இவர்கள் வாரந்தோறும் வந்து போகின்றனர்.

உணவு முறை

ஆற்றுப்படை நூலார் உணவைப் பாடாது விடார். மலைபடுகடாமும் குறிஞ்சி நிலத்து விருந்தை விரித்துரைக்கின்றது. வடபுலத்துக் கதைகளும் அங்ஙனமே. போரில் மாண்ட வீரர் சென்று தங்கும் வல்ஹல்லா மண்டபத்திற்கு வாயில்கள் 540. பகலெல்லாம் தம்முள் பொருது வீழ்ந்து, மாலையில் எழுந்து விருந்துண்பது அங்குள்ளோர் அன்றாட அலுவல். நாளும் சமைக்கப்படுவது ஒரே பன்றி. உண்டு முடித்தபின் அது மீண்டும் உயிர்பெற்று நிற்குமாம். பருகுவதற்கு ஓர் ஆடு பாலுக்கு மாறாகத் தேன்மது சுரக்கும். நமக்கு இரண்டும் ஆகா. எனவே அங்குச் செல்ல விரும்பும் நம் மாணவர் கட்டுச்சோறு கொண்டு செல்வது நலம்.

தோரின் தேரை இழுப்பவை இரண்டு வெள்ளாடுகள். பசித்தால் அவற்றையே அறுத்துச் சமைத்து உண்பான். எலும்புகளைச் சிதையாமல் தோலின்மேல் குவித்து வைத்தால், விடியலில் அவை உயிருடன் எழும். ஓர் இரவு உழவன் வீட்டில் தங்கி, அக்குடும்பத்தாருக்கும் விருந்தளித்தான். உழவன் மகனோ ஆசை மிகுதியால் ஒரு தொடை எலும்பைப் பிளந்து நல்லியை எடுத்துவிட்டான். மறுநாள் ஓர் ஆடு நொண்டியது. குற்றத்திற்கு ஈடாக மகனும் மகளும் தோருக்கு ஏவலராயினர். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளின் பந்தியில் நல்லி எலும்புக்கு நடக்கும் போட்டியை அறிந்தோர் அச்சிறுவனை எளிதில் மன்னிப்பர்.

குள்ளர் உலகு

பாறைக்குள் வாழும் குள்ளர்களே அவ்வுலகின் கொல்லர். சூழ்ச்சியில் வல்ல லோகி என்பவன், தோரின் மனைவி சிஃபின் கூந்தலைக் குறும்பாக வெட்டிவிட்டான். தோரின் சினத்திற்கு அஞ்சிக் குள்ளரிடம் ஓடினான். அவர்கள் பொன்னாலேயே கூந்தல் செய்து கொடுத்தனர். தோரின் சம்மட்டியும் குள்ளர் வார்த்ததே. அது உலையில் இருந்தபோது லோகி ஈயாக மாறித் துருத்தி ஊதியவனைக் கடித்தான். அவன் ஒரு நொடி கைநெகிழ்ந்ததால் சம்மட்டியின் பிடி குட்டையாயிற்று.

தமிழ் மாணவர் தவறாது அறிய வேண்டிய குள்ளன் ஆல்விஸ். எல்லாம் அறிந்தவன் என்பது அப்பெயரின் பொருள். தோரின் மகளை மணக்க வந்த அவனைத் தோர் பதின்மூன்று கேள்விகள் கேட்டான். நிலம், வான், திங்கள், காற்று, கடல் முதலியவற்றைத் தேவர் எப்பெயரால் அழைப்பர், மாந்தர் எப்பெயரால், அரக்கர் எப்பெயரால் என்பன அவை. ஆல்விஸ் அனைத்திற்கும் விடை கூறினான். அதற்குள் பொழுது விடிந்தது. கதிரொளி பட்டால் குள்ளர் கல்லாவர் என்பது அந்நாட்டார் கூற்று, திருமணம் நின்றது. இப்பாட்டு, ஒரு பொருட்குரிய பல பெயர்களைத் தொகுத்துரைப்பதால் நம் நிகண்டுகளோடு ஒப்பிடத்தக்கது. எம்.ஃபில். பட்ட வாய்மொழித் தேர்வை எதிர்கொண்ட எனக்கு ஆல்விஸின் நிலைமை நன்கு விளங்குகின்றது.

நம்பிக்கையும் கதையறிவும்

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். ஐஸ்லாந்து மக்கள் கி.பி. 1000 அளவில் கிறித்தவம் தழுவினர். பழந்தெய்வ வழிபாடு நின்றது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1220-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்னும் அந்நாட்டு அறிஞர் 'எட்டா' என்னும் உரைநடை நூலை இயற்றினார். அவரும் கிறித்தவரே. எனின் ஏன் எழுதினார்? பழம்பாடல்களில் பொன்னைச் 'சிஃபின் கூந்தல்' என்று குறிப்பாகச் சுட்டுவது வழக்கம். கதை அறியாதவனுக்கு அத்தொடர் விளங்காது. இளங்கவிஞர் முன்னோர் கவிதையை இழந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதினார். அதே வேளையில், இத்தெய்வங்களைக் கிறித்தவர் நம்புதல் கூடாது என்றும் அந்நூலிலேயே தெளிவுறுத்தினார். கதையை அறிதல் வேறு, அதன்மேல் நம்பிக்கை வைத்தல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை உணர்ந்த ஒருவரால்தான் வடபுலக் கதைகளுட் பல நமக்குக் கிடைத்தன.

இது நமக்கும் புதிதன்று. உமறுப்புலவர் தமிழ்க் காப்பிய மரபில் தோய்ந்தவர். அதனாலன்றோ சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ் நிலம்போல் பசுமையாகப் பாட முடிந்தது! அதற்கும் முன்னரே, 921-இல் பக்தாதிலிருந்து கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் புறப்பட்ட அகமது இப்னு ஃபள்லான், வோல்கா ஆற்றங்கரையில் வடபுல வணிகரைக் கண்டார். பேரீச்சை மரம்போல் உயர்ந்த அவர்தம் தோற்றத்தை வியந்தார், துப்புரவின்மையை வெறுத்தார், இறந்த தலைவனைக் கப்பலோடு எரியூட்டிய சடங்கை நேரில் கண்டு எழுதினார். அச்சடங்கைப் பற்றிக் கண்ணால் கண்டவர் எழுதிய அரிய சான்றாக அவ்வரபுக் குறிப்பை இன்றும் அறிஞர் போற்றுவர். ரியோர்டனின் புதினத்தில் தலைமுக்காடு அணிந்த சமீரா என்னும் முஸ்லிம் பெண், இப்னு ஃபள்லானின் வழிவந்தவளாகவே படைக்கப்பட்டிருக்கின்றாள். தொழுகையைக் கைவிடாமலே அவள் அவ்வுலகில் உலவி வருகின்றாள். இதனைக் கூறியதும் பெரியவர் சிரித்துவிட்டு, "நூலை எனக்கும் கொடுங்கள்" என்றார்.

நம் மலையின் குள்ளர்

அன்று வகுப்பில் நான் குள்ளர் கதையைச் சொல்லி முடித்ததும், ஜவ்வாது மலையிலிருந்து வந்து பயிலும் மலையாளிப் பழங்குடி மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, குள்ளர் வீடு எங்கள் மலையிலும் உண்டு. ஆடு மேய்க்கும்போது மழை வந்தால் நாங்கள் அதற்குள்தான் ஒதுங்குவோம்" என்றார். வகுப்பு முழுவதும் அவர்பக்கம் திரும்பியது.

அவர் குறிப்பிட்டவை கற்திட்டைகள். பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே பெருங்கல்லை மூடியாக வைத்து, ஒருபுறம் வட்டத் துளையிட்டு அமைக்கப்பட்டவை. இரும்புக் காலத்து மக்கள் இறந்தோர் நினைவாக எழுப்பிய பெருங்கற்படைச் சின்னங்கள் என்பது தொல்லியலார் முடிபு. மலைமக்களோ, உருவில் சிறுத்து வலிமையில் பெருத்த குள்ளர் கட்டி வாழ்ந்த வீடுகள் என்பர். தொல்லியல் கல்லின் காலத்தைக் கூறும். அக்கல்லைக் கண்டு மக்கள் என்ன எண்ணினர் என்பதைக் கதைதான் கூறும். இரண்டும் வேண்டுவன.

"உன் பாட்டி சொன்ன கதையைச் சொல்" என்றேன். "பாதிதான் நினைவிருக்கிறது ஐயா. பாட்டி இப்போது இல்லை" என்றார்.

அந்தப் பாதி விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஐஸ்லாந்துக் குள்ளனின் பெயர் நம் மாணவருக்குத் தெரிகின்றது. காரணம், ஸ்னோரி எழுதி வைத்தார். நம் கண்ணெதிரே நிற்கும் மலையின் குள்ளருக்குப் பெயர் உண்டா, அவர் என்ன உண்டனர், எங்குச் சென்று மறைந்தனர் என்று கேட்டால், மலையூர்த் திண்ணைகளில் அமர்ந்திருக்கும் முதியோர் சிலரே விடை கூறுவர். அவர்களும் போனபின் கல் மட்டுமே நிற்கும்.

மாணவச் செல்வங்களே! வடபுலக் கையேட்டை விருப்புடன் படியுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். பின்னர் வரும் விடுமுறையில் குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு ஜமுனாமரத்தூருக்குப் பேருந்து ஏறுங்கள். முதியோர் கூறுவதை அவர்தம் சொல்லிலேயே எழுதி வாருங்கள். செங்கத்து நன்னனுக்கு வழி கூறிய மலைக்கு, அதன் கதைகளுக்கு வழி கூறும் ஆற்றுப்படை ஒன்றும் வேண்டும். அந்த மாணவர் தம் பாதிக் கதையை எழுதித் தந்துவிட்டார். மீதியைத் தேடிக் கொணர்வது நம் அனைவர்க்கும் உரிய கடன்.