மங்கலாகத் தெரியும் அம்மா

படம் தொடங்கும்போது திரையில் எதுவும் தெளிவாக இல்லை. கலங்கிய வெளிச்சம், அதற்குள் ஏதோ அசைகிறது. அது அம்மாவின் முகம். பச்சைக் குழந்தையின் கண்ணுக்குள் கேமராவைக் கொண்டுபோய் வைத்துவிட்டார் இயக்குநர் கொன் இச்சிகாவா. பிள்ளை தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டான் என்று தாய் பூரிக்கிறாள். கண்ணே இன்னும் சரியாகத் தெரியவில்லையே என்பதுபோலப் பேசுகிறது பின்னணியில் குழந்தையின் குரல்.

1962இல் வந்த இந்த ஜப்பானியப் படத்தின் பெயர் ‘வதாஷி வா நிசாய்’. ‘எனக்கு இரண்டு வயது’ என்று பொருள். கியோட்டோவில் குழந்தை மருத்துவராக இருந்த மிச்சியோ மட்சுடா, குழந்தையே சொல்வதுபோல எழுதிய வளர்ப்பு நூல்தான் மூலம். மருத்துவர் சொல்லும் யோசனைகளுக்குள் கதை ஏது? அதைக் கண்டெடுத்தவர் திரைக்கதை எழுதிய நாட்டோ வாடா, இச்சிகாவாவின் மனைவி.

குட்டிப்பயல் தாரோவின் வீடு ஒரு ‘தான்ச்சி’யில். போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தைப் போக்க 1955இல் ஜப்பான் வீட்டு வசதிக் கழகம் தொடங்கப்பட்டபின் வரிசை வரிசையாக எழுந்த கான்கிரீட் குடியிருப்புகள் அவை. ஒத்தாசைக்கு வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. கண் அசந்த நேரத்தில் பயல் மாடிப்படியில் ஏறிவிடுகிறான். பெற்றோருக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அவனுக்கோ அது சாதனை. படத்தின் நகைச்சுவை முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பிறகு குடும்பம் பாட்டி வீட்டுக்குப் போகிறது. பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் உரசல். இதைப் புரிந்துகொள்ள ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை.

அப்பாவாக நடித்தவர் எய்ஜி ஃபுனகோஷி. 1959இல் இதே இச்சிகாவா எடுத்த ‘நோபி’ படத்தில், பிலிப்பைன்ஸில் பட்டினியோடு அலையும் படைவீரர் இவர்தான். அந்தத் திரைக்கதையும் வாடாவுடையது. அங்கே சாவோடு மல்லுக்கட்டியவர், மூன்றே ஆண்டில் இங்கே ஒரு கைக்குழந்தையிடம் தோற்றுப்போய் நிற்கிறார்!

இச்சிகாவா கார்ட்டூன் பிரிவில் தொழில் பழகியவர். அந்தக் கை இங்கே திடீரென்று எட்டிப்பார்க்கிறது: தாரோவின் கற்பனையில் நிலா வாழைப்பழமாகிவிடுகிறது. அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படமாக ‘கினெமா ஜும்போ’ இதழ் இதைத் தேர்ந்தெடுத்தது. ஆஸ்கருக்கும் ஜப்பான் இதையே அனுப்பியது. பரிந்துரைப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

கடைசிப் பகுதியில் பாட்டி இறந்துவிடுகிறாள். அதை எப்படிச் சொல்வதென்று பெரியவர்களுக்கே தெரியாத வீட்டில், இரண்டாவது பிறந்தநாள் வருகிறது. கேக்கின் மேல் இரண்டு மெழுகுவத்திகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறான் தாரோ.