உதைக்கும் பெண் வண்டு! பயறுப் பானைக்குள் ஓயாத போராட்டம்

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கிறது கல்லாவி. மழையை நம்பி வெள்ளாமை செய்யும் பூமி. துவரை, கொள்ளு, காராமணி எல்லாம் விளையும். அறுவடை முடிந்ததும் விதைக்கென்றும் வீட்டுச் செலவுக்கென்றும் பானையிலோ மூட்டையிலோ கட்டி வைப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பானையைத் திறந்தால் "ஐயோ!" என்று தலையில் கை வைக்க வேண்டியதுதான். பயறெல்லாம் ஓட்டை! பழுப்பு நிற வண்டுகள் குடுகுடுவென்று ஓடும்.

இதுதான் பயறு வண்டு. எள்ளளவுதான் இருக்கும். ஆனால் இதன் குடும்ப வாழ்க்கையில் நடக்கும் கொடுமையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்!

ஆணிடம் முள்!

காராமணியில் விழும் பயறு வண்டில், ஆணின் இனப்பெருக்க உறுப்பில் கூரிய முட்கள் இருக்கின்றன. இணை சேரும்போது இந்த முட்கள் பெண்ணின் உடலுக்குள் குத்திக் காயப்படுத்துகின்றன.

பெண் சும்மா இருக்குமா? பின்னங்கால்களால் ஆணை ஓங்கி ஓங்கி உதைக்கும்! ஆண் விலகும் வரை உதை நிற்காது.

இங்கிலாந்தில் ஷெபீல்டு பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 2000-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். சில பெண் வண்டுகளை உதைக்க முடியாதபடி செய்து பார்த்தார்கள். ஆண் நெடுநேரம் விலகவில்லை. காயமும் அதிகமாயிற்று. இரண்டு நாளுக்குள் மறுபடியும் இணை சேர்ந்த பெண்களின் ஆயுளும் குறைந்தது!

முள் எதற்கு?

மனைவியைக் காயப்படுத்துவதால் ஆணுக்கு என்ன லாபம்? சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தில் 2009-ல் இதற்கு விடை கிடைத்தது. ஒரு பெண்ணோடு பல ஆண்கள் சேரும்போது, நீண்ட முள் உள்ள ஆணுக்கே பிள்ளைகள் அதிகம். பெண்ணைக் காயப்படுத்துவது ஆணின் நோக்கம் அல்ல. மற்ற ஆண்களை ஜெயிக்கும் போட்டியில் பெண் அடிபடுகிறது!

பெண்ணினமும் தோற்றுவிடவில்லை. முள் அதிகமுள்ள வண்டு இனங்களில், பெண்ணின் உள்சுவர் தடித்திருக்கிறது. வாளுக்கு எதிராகக் கேடயம்!

தாகம் படுத்தும் பாடு

இவ்வளவு துன்பம் இருந்தும் பெண் ஏன் மறுபடியும் ஆணை ஏற்கிறது? அதற்குக் காரணம் தாகம்!

வளர்ந்த வண்டு பயறைத் தின்பதில்லை. காய்ந்த பானைக்குள் தண்ணீரும் கிடையாது. ஆண் தரும் விந்துத் திரவத்தில் நீர்ச்சத்து இருக்கிறது. தண்ணீர் வைத்துக் கொடுத்த பெண் வண்டுகள் மறுபடியும் இணை சேர்வது குறைந்துவிட்டது!

ஆணுக்கும் இது இலவசம் அல்ல. ஒரு தடவை சேர்ந்தாலே அதன் உடல் எடை கண்கூடாகக் குறைகிறது. எத்தனை நாள் வாழ்வு? தீனியில்லாமல் ஒன்றிரண்டு வாரந்தான்!

வீட்டுக்கு நஷ்டம்

அந்தக் கொஞ்ச நாளுக்குள் ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். பயறின் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருப்பது முட்டைதான். அதிலிருந்து வரும் புழு பயறைத் துளைத்து உள்ளேயே தின்று வளரும். சுமார் ஒரு மாதத்தில் வண்டாகி, வட்ட ஓட்டை போட்டு வெளியே வரும். உடனே இணை தேடும்.

ஆகவே முதல் வண்டு முட்டை இடுவதற்கு முன்பே தடுக்க வேண்டும். பயறை நல்ல வெயிலில் நன்றாகக் காய வைக்கலாம். துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பது பழைய வழக்கம். சமையலுக்கு வைக்கும் பயறில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் முட்டைக்குக் காற்று கிடைக்காது. முழுப் பயறைவிட உடைத்த பருப்பில் இந்த வண்டின் தொல்லை குறைவு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பொறியைப் பயறில் வைத்தால், ஓடித் திரியும் வண்டுகள் தாமாகவே அதில் விழும்.

பானைக்குள் சண்டை போடுவது ஆண் வண்டும் பெண் வண்டும். ஆனால் நஷ்டம் வீட்டுக்காரிக்குத்தான்!