ஒரு வழியும் பல வழிகளும்

1990-களின் முற்பகுதியில் புனேயில் மென்பொருள் எழுதிய நிறுவனத்துக்கு 64 கே.பி.பி.எஸ். செயற்கைக்கோள் இணைப்பே பெரிய வரம். அரசின் மென்பொருள் பூங்கா அமைப்பான எஸ்.டி.பி.ஐ.யிடமோ, வெளிநாட்டுத் தொலைத்தொடர்பை நடத்திய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல்.லிடமோ விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கும் தரவுக்குப் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். எந்த வழியில் அனுப்புவது என்ற கேள்வியே எழவில்லை; இருந்தது ஒரு வழி. 1995 ஆகஸ்ட் 15-இல் இணையம் பொதுமக்களுக்குத் திறந்தபோதும் நாட்டின் வெளிவாசல் வி.எஸ்.என்.எல். கையில்தான்.

இன்று எஸ்.டி.பி.ஐ.யின் புனே அலுவலகம் ஹிஞ்சேவாடி ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க்கில் இருக்கிறது. இணையத்தில் தனி நெட்வொர்க்காக அடையாளம் தரும் ஏ.எஸ். எண்ணைச் சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனம் இரண்டு இணையச் சேவை நிறுவனங்களிடம் (ஐ.எஸ்.பி.) ஃபைபர் எடுத்து, எது முதன்மை, எது மாற்று என்பதைத் தன் ரவுட்டரில் தானே எழுதிக்கொள்ளலாம்.

ஐ.எஸ்.பி.யின் கணக்கு வேறு. ஒரு முகவரிக்கு மூன்று பக்கமும் வழி இருந்தால், காசு தரும் வாடிக்கையாளரின் வழிக்கே முதலிடம். காசின்றித் தரவைப் பரிமாறிக்கொள்ளும் சக நெட்வொர்க்கான பீர் அடுத்து. காசு கொடுத்து வாங்கும் டிரான்சிட் கடைசி. எந்த வழி குறுகியது என்பதை, நெட்வொர்க்குகள் வழிகளைப் பரிமாறும் நெறிமுறையான பி.ஜி.பி. அதற்குப் பிறகே பார்க்கும். ஒரு பீர் சொன்ன வழியை இன்னொரு பீருக்குச் சொல்வதும் இல்லை. சொன்னால் இருவரின் சுமையையும் இலவசமாகச் சுமக்க நேரும்.

1998-இல் தனியார் ஐ.எஸ்.பி.கள் வந்தும் அவர்கள் உள்நாட்டில் சந்திக்க இடமில்லை. ஒரே ஊரின் இரண்டு வீடுகளுக்கிடையே போன மின்னஞ்சல் அமெரிக்காவைத் தொட்டுத் திரும்பியதுண்டு. அந்தச் சந்திப்பிடமாக, நிக்சி என்ற எக்ஸ்சேஞ்சு 2003-இல் பிறந்தது. ஆனால் தரவை இழுப்பவரே பணம் தர வேண்டும் என்ற விதியால், பலர் தம் வழிகளில் ஒரு பகுதியை மட்டுமே அங்கே அறிவித்தார்கள். இன்று மும்பையில் டி-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐ.எக்ஸ். போன்ற தனியார் எக்ஸ்சேஞ்சுகளும் உண்டு. ஹிஞ்சேவாடியிலிருந்து சில மில்லி நொடித் தொலைவு.

அன்று பக்கத்து ஆபரேட்டர் சொன்னதை நம்புவதே முறை. அந்த நம்பிக்கையின் விலை 2008 பிப்ரவரி 24-இல் தெரிந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்க எழுதிய வழி, அதற்கு டிரான்சிட் தந்த நிறுவனம் ஒன்றின் மூலம் உலகெங்கும் பரவி, சுமார் இரண்டு மணி நேரம் அந்தத் தளத்தை முடக்கியது. இன்று இணைய முகவரிகளுக்கான இந்தியப் பதிவகமான ஐரின் மூலம், முகவரியை அறிவிக்கும் உரிமையை உறுதிசெய்யும் ஆர்.பி.கே.ஐ. கையொப்பம் இடலாம்; பொருந்தாத அறிவிப்பை, சரிபார்க்கும் ரவுட்டர் தள்ளிவிடும்.

வேகமும் தேர்வும் வந்தன. போனது, வழியை அறியும் எளிமை. அன்றைய வழியைத் தாளில் ஒரு கோடாக வரைந்துவிடலாம். இன்று டிரேஸ்ரூட் என்ற கருவி வழியைக் காட்டும். ஆனால் ஏன் அந்த வழி என்பது இரு நிறுவனங்களின் ஒப்பந்தத்துக்குள் அடைந்துகிடக்கிறது. இந்த இழப்பு சிறிதல்ல. கையொப்பமும் முகவரியை அறிவிப்பவருக்கு அந்த உரிமை உண்டா என்பதை மட்டுமே சொல்லும்; நடுவில் யார் யார் வழியாக வந்தது என்பதைச் சொல்லாது. அதற்கென ஆஸ்பா என்ற முறை, இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப்.பில் உருவாகிவருகிறது. ஒவ்வொரு நெட்வொர்க்கும் தனக்கு டிரான்சிட் தருபவர் யார் என்று பொதுவில் பதிய வேண்டும் என்கிறது அது. வணிக ரகசியம் என்று தயங்குவோர் இருக்கலாம். ஆனாலும் இந்திய ஐ.எஸ்.பி.கள் அதில் முந்திக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.